பழைய ஜீன்ஸில் ரீடருக்கு உறை: மெத்தை மட்டும் போதுமா, அட்டையும் வைக்க வேண்டுமா?

நூலேணி:
கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். என் ரீடருக்கு, அதாவது மின்னூல் படிக்கும் கருவிக்கு, நானே ஓர் உறை தைத்திருந்தேன். வெளியே பூப்போட்ட படுக்கை விரிப்பின் கிழியாத மூலை, உள்ளே பழைய ஸ்வெட்டர், இரண்டுக்கும் நடுவில் ஒரு துவாலைத் துண்டு. தலையணை மாதிரி மெத்தென்று இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். மூன்றாவது வாரம் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தைத் திருப்பினால் திரையின் கீழ்ப்பாதி அசையவே இல்லை. மேல்பாதியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, விரலால் தடவினால் ஒரு கீறல்கூடத் தட்டுப்படவில்லை. பையில் அதோடு இருந்தவை ஒரு சாவிக்கொத்தும் தண்ணீர் பாட்டிலும்தான்.

இப்போது வீட்டில் ஒருவர் தொடாமல் வைத்திருந்த 6 அங்குல ரீடர் எனக்கு வந்திருக்கிறது. 16 செ.மீ. உயரம், 11.5 அகலம், 8 மி.மீ. கனம். அதற்கும் உறை தைக்கத்தான் போகிறேன், ஆனால் இந்த முறை கேட்டுவிட்டுத் தைக்கிறேன். கையில் இருப்பவை: முழங்கால் கிழிந்த ஜீன்ஸ், ஒரு பிளானல் சட்டை, அதே ஸ்வெட்டரின் மீதி, ஒரு கைப்பிடி பட்டன்கள். கால் மிஷின் இருக்கிறது. மெத்தையை இன்னும் கனமாக்கினால் போதுமா?

அரைகுறை:
போதும். துவாலையை இரண்டாக மடித்து வையுங்கள். அதுவும் வேண்டாம் என்றால், ஜீன்ஸின் பின் பாக்கெட்டை அதன் பின்னால் இருக்கும் துணியோடு சேர்த்து அப்படியே வெட்டி எடுங்கள். மூன்று பக்கமும் கம்பெனித் தையல், நீங்கள் ஊசியே எடுக்க வேண்டாம். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பாபின்_பாட்டி:
அரைகுறை, அந்தப் பாக்கெட் மூலையில் உலோகக் குமிழ் அடித்திருக்கிறதா என்று உள்ளே விரல் விட்டுப் பார்த்தாயா? சில ஜீன்ஸில் அது உள்பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். வைத்து எடுக்கும்போதெல்லாம் அதே இடத்தில் உரசும்.

அரைகுறை:
பாட்டி, இப்போதுதான் பார்த்தேன். இருக்கிறது. என் ரீடரின் இடது மூலையில் இருக்கும் கீறலுக்கு இத்தனை நாள் பூனையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

திருகாணி:
பழுதான ரீடர்களைப் பிரித்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதனால் நூலேணி சொன்னது எனக்குப் புதிதில்லை. ரீடரின் மின்மைத் திரை (இ-இங்க்) பார்க்கக் காகிதம் மாதிரி இருக்கிறது, தொட்டால் பிளாஸ்டிக். அதனால் அது வளையும் பொருள் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பெரும்பாலான ரீடர்களில் அந்த மை அடுக்குக்கு அடியில் புள்ளிகளை இயக்கும் நுண்சுற்று ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டின் மேல்தான் இருக்கிறது. உடைவது அந்தக் கண்ணாடி. மேலே இருக்கும் பிளாஸ்டிக் அப்படியே நிற்கும். அதனால்தான் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்தத் திரைக்கு ஒரு படத்தைப் பிடித்து வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை, மாற்றத்தான் தேவை. சுற்று அறுந்த பகுதிக்கு மாற்றும் கட்டளை போகாது, பழைய படமே அங்கே தங்கிவிடும். நீங்கள் பார்த்த "அசையாத கீழ்ப்பாதி" அதுதான். கண்ணாடிக்குப் பதிலாக நெகிழும் பிளாஸ்டிக்கை அடியில் வைத்த ரீடர்களும் உண்டு, ஆனால் நம் கையில் இருப்பது அதுதான் என்று நம்பிப் பையில் போடக் கூடாது.

மெத்தை விஷயத்துக்கு வருகிறேன். கீழே விழும்போது மெத்தை உதவும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பைக்குள் நடப்பது வேறு. பாட்டில் சாவியை அழுத்துகிறது, சாவி துணியை அழுத்துகிறது, துணி நசுங்கி முடிந்ததும் மிச்ச அழுத்தம் நேராகத் திரைக்குப் போகிறது. துவாலையை நான்காக மடித்தாலும் இதேதான், நசுங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவே. அழுத்தத்தை ஒரு புள்ளியிலிருந்து பரப்பிவிட விறைப்பான ஏதாவது வேண்டும். அதுவும் திரைப் பக்கத்தில்.

அரைகுறை:
எனக்கு நம்பிக்கை இல்லை. கனமான துவாலை சாவியைத் தாங்காதா?

அரைகுறை:
சரி, செய்தே பார்த்துவிட்டேன். புதுச் சோப்புக்கட்டி ஒன்றை எடுத்து, மேலே நான்காக மடித்த துவாலை, அதன் மேல் சாவி வைத்து முழங்காலால் நன்றாக அழுத்தினேன். சோப்பில் சாவி படுத்திருந்த இடம் பள்ளமாகத் தெரிகிறது. சோப்பைத் திருப்பிப் போட்டு, துவாலையை எடுத்துவிட்டு, நோட்டின் பின் அட்டையை மட்டும் இரண்டாக வைத்து அதே முழங்கால். சோப்பில் ஒன்றும் இல்லை. முழங்காலில்தான் சாவி பதிந்திருக்கிறது.

திருகாணி வென்றார். வீட்டில் சோப்பை என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள்.

நூலேணி:
:) அப்படியானால் அட்டை உறுதி. எந்த அட்டை?

கோந்துக்குப்பி:
இது என் பேட்டை. பழைய நோட்டுகளுக்கு பைண்டிங் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பார்சல் பெட்டி அட்டை வேண்டாம். அதற்குள் அலை அலையாக ஒரு தாள் இருக்கும், அந்த அலையின் போக்கில் மடங்கிவிடும். ஒருமுறை மடங்கிய இடம் பிறகு எப்போதும் மடங்கும். வீட்டில் தேடினால் இதைவிட நல்லது கிடைக்கும்: காலண்டரின் பின் அட்டை, பழைய டைரியின் கெட்டி அட்டை, ஃபைல் அட்டை. மெல்லியதாக இருந்தால் இரண்டை ஒட்டுங்கள், ஆனால் ஒன்றின் மேல் ஒன்றைத் திசை மாற்றி. காகித அட்டைக்கு இழை ஓடும் திசை உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வளைவின் அச்சு இழையோடு போகிறது. ஒன்று நெடுக்காகவும் ஒன்று குறுக்காகவும் ஒட்டினால் எந்தப் பக்கமும் சுலபமாக வளையாது. ஒட்டியதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வைக்கவும். ஈரத்தோடு எடுத்தால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

எல்லாவற்றையும்விட நல்லது பரீட்சை அட்டை. கிளிப் உடைந்த ஒன்று எந்த வீட்டிலும் அலமாரிக்குப் பின்னால் இருக்கும். ஹேக்ஸா பிளேடால் அறுத்து ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். தேய்த்த தூளை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உறைக்குள் விட வேண்டும், அது திரைக்கு ஆகாது. மூலைகளைக் கட்டாயம் வட்டமாக்குங்கள். கூரான மூலை எப்பேர்ப்பட்ட ஜீன்ஸையும் ஆறு மாதத்தில் துளைத்து வெளியே எட்டிப்பார்க்கும்.

உறை எதற்கு, புத்தக அட்டை மாதிரி திறக்கும் கவராகவே செய்துவிடலாமே? நான்கு மூலைக்கும் எலாஸ்டிக் குறுக்காக வைத்தால் ரீடர் நிற்கும். படிக்கும்போது கையில் பிடிக்கவும் நன்றாக இருக்கும்.

திருகாணி:
எலாஸ்டிக் மூலைக்கு ஓர் எச்சரிக்கை. பழைய ரீடர்கள் சிலவற்றில் திரை சட்டத்தைவிடச் சற்று உள்வாங்கி இருக்கும். அவற்றில் பல, தொடுகையை அகச்சிவப்பு ஒளியால் அறிகின்றன. சட்டத்தின் ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் திரைக்கு மேலே ஓடும். அதை மறைப்பது விரலா எலாஸ்டிக்கா என்று அதற்குத் தெரியாது. எலாஸ்டிக் ஒரு மில்லிமீட்டர் திரைக்குள் வந்தாலும் பக்கம் தானாகப் புரளும், அல்லது தொட்டால் கேட்காது. திரையும் சட்டமும் ஒரே மட்டமாக இருக்கும் ரீடர்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை, துணி பட்டால் அவை கண்டுகொள்ளாது. பவர் பட்டன் எந்த ஓரத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு எலாஸ்டிக் வையுங்கள்.

பாபின்_பாட்டி:
எலாஸ்டிக் பழையதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். டிராயரில் வருடக்கணக்கில் கிடந்தது இழுத்தால் நீளும், திரும்பி வராது. ஒரு நாள் ரீடர் வழுக்கிக் காலில் விழும்.

நூலேணி, நீ உறையே தை. முதலில் அளவைச் சொல், போன முறை எப்படி வெட்டினாய்?

நூலேணி:
ரீடரைத் துணி மேல் வைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்து, எல்லாப் பக்கமும் 1 செ.மீ. தையலுக்கு விட்டேன். உள்ளே போகவே இல்லை பாட்டி. பிரித்து, தையலை ஓரத்துக்குத் தள்ளி அடித்துத்தான் நுழைத்தேன். அந்த இறுக்கமும் திரை உடைய ஒரு காரணமாக இருக்குமோ?

பாபின்_பாட்டி:
இருந்திருக்கலாம். இறுகிய உறை ரீடரை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும்.

எல்லாரும் செய்யும் தப்பு இது. ரீடர் காகிதம் இல்லை, அதற்குக் கனம் இருக்கிறது. துணி அதன் மேல் ஏறி, விளிம்பில் இறங்கி, அடியில் போக வேண்டும். ஒரு பக்கத் துணி மூட வேண்டியது அகலத்தை மட்டுமில்லை, அகலத்தோடு கனத்தையும் சேர்த்து. 11.5-ம் 0.8-ம் 12.3. இது வெறும் ரீடருக்கு. உள்ளே லைனிங் போனால் ரீடரே அந்த அளவு பருத்துவிட்ட மாதிரி. இரண்டு மி.மீ. கனமுள்ள லைனிங் இரண்டு ஓரத்திலும் வருகிறது, மேலும் கீழும் வருகிறது. ஆகவே இன்னும் 8 மி.மீ. அட்டைக்கு ஒரு 2 மி.மீ. கையால் இழுத்து எடுக்க ஒரு 3 மி.மீ. தாராளம். மொத்தம் 13.6. தையலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு செ.மீ. விட்டால் வெட்ட வேண்டியது 15.6. நீ வெட்டியது 13.5. அதுதான் போகவில்லை.

உயரத்துக்கு 17 வரும்படி வைத்து, தையலுக்கு 2 சேர்த்து 19 வெட்டு. லைனிங்கை வெளித்துணியைவிட அகலத்தில் ஒரு 3 மி.மீ. குறைத்துத் தைத்துக்கொள். ஒரே அளவில் தைத்தால் உள்ளே சுருக்கம் விழும், ரீடர் அதில் இடிக்கும்.

ஜீன்ஸுக்கு 16-ம் நம்பர் ஊசி போடு. சாதாரண ஊசி ஜீன்ஸின் பக்கவாட்டுத் தடித்த தையலில் ஏறும்போது ஒடிந்து கண்ணுக்கு நேராகத் தெறிக்கும். முடிந்தால் தடித்த தையலே வராத இடமாகப் பார்த்து வெட்டு, தொடைப் பகுதியில் கிடைக்கும். பல தடவை துவைத்த ஜீன்ஸ் என்பதால் இனிச் சுருங்காது, சாயமும் அதிகம் வராது. புது ஜீன்ஸில் செய்கிறவர்கள் ஜாக்கிரதை: அந்த நீலம் உலர்ந்த நிலையிலேயே உரசி ஒட்டும், வெள்ளை ரீடர் வானமாகிவிடும்.

மழைக்குருவி:
ஸ்வெட்டர் துணி பற்றி ஒரு வார்த்தை. அது நிஜக் கம்பளியா, அக்ரிலிக்கா? கம்பளி என்றால் வெந்நீரில் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துத் துவையுங்கள். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுருங்கித் தடித்துவிடும். அதன் பிறகு எங்கே வெட்டினாலும் பிசிர் வராது, ஓரம் அடிக்கவே வேண்டாம். நல்ல ஸ்வெட்டரைத் தவறுதலாக வெந்நீரில் போட்டு அழுதவர்களுக்கு இது ஓர் ஆறுதல். அக்ரிலிக் என்றால் எத்தனை துவைத்தாலும் இப்படி ஆகாது.

என் கேள்வி: அட்டையை உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் எப்படித் துவைப்பது? நான் வைத்தது மழையில் நனைந்து, அட்டை ஊறி, உறை முழுக்கப் பழுப்பு நீர்.

நூலேணி:
அக்ரிலிக்தான் போலிருக்கிறது, லேபிள் அழிந்துவிட்டது. பிளானலையே உள்ளே வைக்கிறேன்.

ஆனால் அட்டையை எப்படி உள்ளே விடுவது என்று எனக்கும் குழப்பம். போன முறை வெளிப்பையையும் லைனிங் பையையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வாயோரமாகச் சேர்த்துத் தைத்து, லைனிங்கில் ஒரு விரல் நீளம் இடைவெளி விட்டு அதன் வழியாகப் புரட்டினேன். அந்த ஓட்டையில் 11.5 செ.மீ. அட்டை போகாதே. முன்பே வைத்துத் தைத்தால் புரட்ட முடியாது.

பாபின்_பாட்டி:
லைனிங்கின் அடிப்பக்கம் முழுவதையும் தைக்காமல் விடு. 13 செ.மீ. சொச்சம் இருக்கும். அதன் வழியாகப் புரட்டு. புரட்டிய பிறகு அதே வழியில் அட்டையை லைனிங்குக்கும் ஜீன்ஸுக்கும் நடுவில், முன்பக்கமாக விடு. பிறகு அடியை மூடு. மிஷினில் இல்லை, கையால், நீளமான ஓட்டுத் தையல். துவைக்கும்போது ஒரே இழுப்பில் நூலை உருவி அட்டையை எடுத்துவிடலாம், காய்ந்ததும் ஐந்து நிமிடத்தில் மறுபடி தைக்கலாம். மழைக்குருவிக்கும் இதுதான் பதில்.

அட்டை உள்ளே நகர்ந்து முதுகுப் பக்கம் போகாமல் இருக்க, பிளானலில் இன்னொரு துண்டை லைனிங்கின் மறுபக்கம் வைத்து இரு ஓரத்தையும் தைத்துவிடு. அட்டைக்கு அதுவே பாக்கெட்.

கோந்துக்குப்பி:
நனையும் வாய்ப்பு அதிகம் என்றால் காகித அட்டையே வேண்டாம். பிளாஸ்டிக் ஃபைலின் கெட்டியான பின்பக்கம், உடைந்த டப்பாவின் தட்டையான மூடி, எதுவானாலும் இரண்டு கையால் வளைத்தால் லேசாக எதிர்க்க வேண்டும். தாள் மாதிரி மடங்கினால் அதை வைத்துப் பயனில்லை.

மழைக்குருவி:
மூடுவதற்கு என்ன? வெல்க்ரோ இருக்கிறது என்னிடம்.

பாபின்_பாட்டி:
வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் பிளானலைப் பிடுங்கி மயிர் மயிராக்கிவிடும். ஜிப் என்றால் ரீடர் ஒவ்வொரு தடவையும் அந்தப் பல் மேல் உரசிக்கொண்டு போய்வரும். மடிப்பு வைத்து ஒரு பட்டன், காஜா எடுக்கச் சோம்பலாக இருந்தால் ஒரு நூல் கண்ணி. போதும்.

திருகாணி:
பட்டன் திரைப் பக்கம் வர வேண்டாம். சாவியிலிருந்து காப்பாற்ற அட்டை வைத்துவிட்டு, நாமே ஒரு கடினமான குமிழைத் திரைக்கு நேரே வைப்பது வேடிக்கை. முதுகுப் பக்கம் வையுங்கள். இருட்டில் தடவினாலும் பட்டன் இருப்பது முதுகு, இல்லாதது அட்டைப் பக்கம் என்று தெரியும், திரையை எந்தப் பக்கம் வைத்து நுழைப்பது என்று யோசிக்க வேண்டாம்.

நுழைவாயிலில் ஒரு துணி நாடாவும் வையுங்கள், ரீடருக்கு அடியில் போய் மேலே வரும்படி. நாடாவை இழுத்தால் ரீடர் மேலே வரும். விளிம்பைக் கிள்ளிப் பிடிக்கிறேன் என்று திரையைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டியிருக்காது.

அரைகுறை:
கவரைத் திறந்தால் ரீடர் தானாக விழித்துக்கொள்ளுமே, கடையில் வாங்குவதில். அதை நம் உறையில் வைக்க முடியாதா? காந்தம்தானே?

திருகாணி:
காந்தம்தான். ரீடரின் ஓரத்தில் ஒரு சின்ன ஹால் உணரி இருக்கும், காந்தப்புலம் பட்டால் கவர் மூடியதாக எடுத்துக்கொள்ளும். எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவுதான் அதற்குள் வேலை செய்கிறது. உங்கள் ரீடரில் உணரி இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். ரீடரை விழிக்க வைத்து, சிறிய காந்தம் ஒன்றை முன்பக்க ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். தூங்கும் இடம்தான் அது. நான்கு ஓரமும் சுற்றிவந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் காந்தத்தைத் திருப்பிப் பிடித்து இன்னொரு சுற்று.

பழைய கைப்பையின் காந்தப் பூட்டிலிருந்து எடுத்தது போதும். ஃபிரிட்ஜில் ஒட்டும் ரப்பர் காந்தம் பெரும்பாலும் வலு போதாது. அட்டையில் அந்த இடத்தில் குழித்து ஒட்டிவிடுங்கள். ரீடரின் நினைவகத்துக்கும் மைத்திரைக்கும் இதனால் கெடுதல் இல்லை. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மட்டும் இந்த வேலையே வேண்டாம், இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெரிய ஆபத்தாகிவிடும்.

பாபின்_பாட்டி:
காந்தம் வைத்த பிறகு அதை மிஷின் பக்கம் கொண்டுபோகாதே. ஊசியைத் தன் பக்கம் இழுக்கும், ஊசி தட்டில் மோதி ஒடியும்.

அரைகுறை:
பழைய சோபாவின் மஞ்சள் ஸ்பாஞ்சை உள்ளே வைக்கலாமா? நிறைய இருக்கிறது.

கோந்துக்குப்பி:
வைக்காதீர்கள். வருடம் போகப் போக அது பொடியாகி, பிசுபிசுவென்று எல்லாவற்றிலும் ஒட்டும். ஒரு பழைய கேமரா பையில் அனுபவம்.

நூலேணி:
எல்லாருக்கும் வணக்கம், பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். தைத்துவிட்டேன்.

பாட்டியின் கணக்குப்படி 15.6 வெட்டினேன். ரீடர் மெதுவாக, காற்று வெளியேறும் சத்தத்தோடு இறங்குகிறது. பரீட்சை அட்டை அலமாரிக்குப் பின்னால் நிஜமாகவே இருந்தது, கோந்துக்குப்பி எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. அறுத்தது கோணல், ஆனால் உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்.

இரண்டு தப்பு நடந்தது. நாடாவைத் தைக்கும்போது ஒரு முனையை மட்டும் பிடித்து மறுமுனையை விட வேண்டும் என்பது தெரியாமல் இரண்டையும் தைத்துவிட்டேன், ரீடர் ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி பாதியிலேயே நின்றது. பிரித்தேன். அப்புறம் அடி ஓட்டுத் தையலைச் சிவப்பு நூலில் போட்டேன், நீலத் துணியில் உருவ வேண்டிய நூல் எது என்று தெரிய. அதைப் பார்த்த மகள் பிசிரென்று நினைத்து உருவிவிட்டாள். அட்டை தரையில் விழுந்தது. பாட்டி சொன்னது போலவே ஒரே இழுப்புத்தான்.

சோப்புச் சோதனையும் செய்தேன். ரீடருக்குப் பதிலாகச் சோப்பை உறைக்குள் வைத்து, அட்டைப் பக்கம் சாவியை வைத்து, மேலே நானே ஏறி நின்றேன். சோப்பு பிழைத்தது.

அரைகுறை:
ஏறி நின்றீர்களா! நான் முழங்காலோடு நிறுத்திக்கொண்டேன்.

பாபின்_பாட்டி:
அந்தப் பூப்போட்ட பழைய உறையை என்ன செய்தாய்? தூக்கிப் போட்டுவிடாதே.

நூலேணி:
இல்லை பாட்டி, மெத்தென்று நன்றாகத்தானே இருக்கிறது. மூக்குக்கண்ணாடி வைக்க எடுத்துக்கொண்டேன்.

திருகாணி:
அதே பையிலா? அதே சாவிக்கொத்தோடா?

நூலேணி:
பரீட்சை அட்டையில் இன்னும் ஒரு துண்டு மிச்சமிருக்கிறது. அளந்துவிட்டு வருகிறேன்.